பட்டாளமும் ஊரும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், கல்வி நம் சமுதாயத்துக்கு வந்து சேர்ந்த வழிகளை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும். கிறித்தவ சபையார் நடத்திய பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், விடுதிகள், அரசு உதவித்தொகைகள் ஆகியவற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், இவற்றுள் பலவும் தோன்றுவதற்கு முன்பே நம் முன்னோருள் ஒரு பகுதியினர் எழுத்தறிவு பெற்ற இடம் வேறொன்று உண்டு. அதுவே பட்டாளம்.

பட்டாளத்துக்கும் குடிமக்கள் வாழும் ஊருக்கும் உள்ள உறவு எக்காலத்தும் ஒரே தன்மையதாக இருந்ததில்லை. ஊரின் வழக்கங்கள் பாளையத்தின் வாயிலோடு நின்றுவிட்ட காலமும் உண்டு. அவை வாயிலைக் கடந்து உள்ளே நுழைந்து ஆட்சி செய்த காலமும் உண்டு. ஏனைய சமுதாயத்தாருக்கு இது ஆராய்ச்சிக்குரிய செய்தியாக மட்டும் இருக்கலாம். நமக்கோ அது வாழ்வும் தாழ்வும் பற்றிய செய்தி. ஊரின் வழக்கம் வெளியே நின்றபோது நாம் உள்ளே சென்றோம். அது உள்ளே நுழைந்தபோது நாம் வெளியேற்றப்பட்டோம். இவ்வுண்மையை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பெனிப் படையில் நம்மவர்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகம் செய்ய வந்து நாடாளத் தொடங்கியபோது, சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் மூன்று தனிப்படைகளை அமைத்தது. இம்மூன்றும் ஒரே அரசின் படைகளாயினும் ஆள் சேர்க்கும் முறையில் வேறுபட்டிருந்தன.

வங்காளப் படை, அயோத்திச் சீமையிலும் பீகாரிலும் வாழ்ந்த பிராமணர், இராசபுத்திரர் ஆகியோரையே மிகுதியாகச் சேர்த்தது. உண்பது, உறங்குவது, பயணம் செய்வது ஆகிய அனைத்திலும் சாதி ஆசாரத்துக்கு அங்கே இடமளிக்கப்பட்டது. கடல் கடந்து செல்லுதல் ஆசாரத்துக்குப் பொருந்தாது என்னும் எதிர்ப்பும் அப்படையில் வலுவாக இருந்தது. 1824-ஆம் ஆண்டில் பர்மியப் போருக்குச் செல்லப் பணித்தபோது பாரக்பூரில் எழுந்த கலகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சென்னைப் படையும் பம்பாய்ப் படையும் வேறு வகையின. சென்னைப் படையில் முகம்மதியர், தெலுங்கர், தமிழர், கிறித்தவர் ஆகியோருடன் பறையர் குலத்தாரும் இடம்பெற்றனர். பம்பாய்ப் படையில் மகர் குலத்தார் பெருந்தொகையினராக இருந்தனர். பல சாதியாரும் ஒரே அணியில் நின்றனர். ஒரே கப்பலில் கடல் கடந்தனர். தகுதியும் பணிமூப்பும் உடையவர் தாழ்ந்த குலத்தவராயினும் நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் எனப் படிப்படியாக உயர இயன்றது. ஊரில் தெருவுக்குள் கால்வைக்கக் கூடாத ஒருவரின் கட்டளைக்கு மேற்சாதிச் சிப்பாய் பாளையத்தில் கீழ்ப்படிந்து நின்றார். அக்காலத்து இந்தியாவில் இத்தகைய நிலை வேறெங்கும் எளிதில் காணக்கூடியதன்று.

1780-ஆம் ஆண்டில் ஐதர் அலியுடன் போர் மூண்டபோது சென்னையில் பயனியர் அணிகள் இரண்டு அமைக்கப்பட்டன. பாதை வெட்டுதல், பாலம் அமைத்தல், பதுங்குகுழி தோண்டுதல், கோட்டைச் சுவருக்கு வெடிவைத்தல் ஆகியன அவர்தம் பணிகள். பிற்காலத்தில் 'மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' எனப் பெயர் பெற்ற படைப்பிரிவுக்கு அவ்வணிகளே தோற்றுவாய். 'தம்பிகள்' என இன்றும் செல்லமாக அழைக்கப்படும் அப்படையில் நம்மவர் உழைப்பு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. மண்வெட்டியை இழிதொழிலின் அடையாளமாக ஊர் கருதிற்று. பட்டாளத்திலோ அதே மண்வெட்டிக்குச் சம்பளமும் பதக்கமும் ஓய்வூதியமும் கிடைத்தன.

கோரேகான் தூண்

1818-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், பீமா ஆற்றங்கரையிலுள்ள கோரேகான் என்னும் சிற்றூரில் கம்பெனிப் படையினர் ஏறத்தாழ எண்ணூறு பேர், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையை ஒரு பகற்பொழுது முழுதும் எதிர்த்து நின்றனர். உணவும் நீரும் இன்றி நடந்த அப்போரின் நினைவாக அங்கே கல்தூண் ஒன்று எழுப்பப்பட்டது. உயிர்நீத்தோர் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இருபத்திரண்டு, 'நாக்' என முடியும் மகர் குலப் பெயர்கள். மராத்தியர், முகம்மதியர் முதலியோரும் அப்படையில் இருந்தனர். சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த சிலரும் இருந்தனர். எனவே, அதனை ஒரு குலத்தாரின் போர் என்று மட்டும் கூறுதல் வரலாற்றுக்கு முழுதும் பொருந்தாது. எனினும், தீண்டத்தகாதார் எனப்பட்டவரின் பெயர்கள் மற்றவர் பெயர்களோடு ஒரே கல்லில் ஏறியிருப்பது சிறிய செய்தியன்று. 1927-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் டாக்டர் அம்பேத்கர் அத்தூணின் முன் சென்று வணக்கம் செலுத்தினார். அன்றுமுதல் ஆண்டுதோறும் நம் மக்கள் அங்கே கூடிவருகின்றனர்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். அந்நியர் நாடு பிடிப்பதற்கு நம் முன்னோர் துணைநின்றனரே, அது பெருமைக்குரியதா என்று கேட்போர் உண்டு. இவ்வினாவை நாம் மறைக்க வேண்டியதில்லை. கம்பெனிப் படையில் எல்லாச் சாதியாரும் இருந்தனர். எண்ணிக்கையில் மிகுந்தவர் மேற்சாதியாரே. பேஷ்வாக்களின் தலைநகரான புனாவில் தீண்டத்தகாதார் தம் அடிச்சுவட்டை அழிக்கத் துடைப்பத்தை இடுப்பில் கட்டியும், எச்சிலை உமிழக் கலயத்தைக் கழுத்தில் தொங்கவிட்டும் நடமாட வேண்டியிருந்ததை அம்பேத்கர் எடுத்துக்காட்டியுள்ளார். அத்தகைய ஆட்சியைக் காக்க வேண்டிய கடமை அம்மக்களுக்கு எங்ஙனம் இருந்திருக்கும்? அதே வேளையில், அப்படைகள் பர்மாவிலும் சீனத்திலும் பிறரது நாட்டின்மீது ஏவப்பட்டன என்பதும் உண்மை. நம் முன்னோர் சோற்றுக்காகவும் மானத்துக்காகவும் துப்பாக்கி ஏந்தினர். அதன் பயனைப் பேரரசு அடைந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறாகும்.

பாளையத்துப் பள்ளிக்கூடம்

பட்டாளம் நமக்கு அளித்தவற்றுள் சம்பளத்தினும் பதவியினும் சிறந்தது கல்வியே. கட்டளைகளைப் படிக்கவும் கணக்கு எழுதவும் தெரிந்த வீரர்கள் படைக்குத் தேவைப்பட்டனர். ஆதலால் படைப்பிரிவுகளில் பள்ளிகள் நடத்தப்பட்டன. வீரர்களும் அவர்தம் பிள்ளைகளும், ஆண் பெண் வேறுபாடின்றி, அங்கே பயின்றனர். ஊர்ப்பள்ளியின் திண்ணையையும் நெருங்க முடியாத குலத்துச் சிறுவர் சிறுமியர் பாளையத்தில் பலகையில் எழுதிப் படித்தனர்.

இப்பள்ளிகளின் பெரும்பயன் ஒரு குடும்பத்தின் வாயிலாக இந்திய நாட்டுக்கே கிடைத்தது. மாலோஜி சக்பால் பம்பாய்ப் படையில் பணியாற்றினார். அவர் மகன் இராம்ஜி சக்பால் படையில் சேர்ந்து, படைப்பள்ளி ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணிசெய்து சுபேதார் நிலைக்கு உயர்ந்தார். இராம்ஜியின் மனைவி பீமாபாயும் பட்டாளத்துக் குடும்பத்தில் பிறந்தவரே. இவர்களுடைய பதினான்காம் குழந்தை 1891-ஆம் ஆண்டு ஏப்பிரல் 14-ஆம் நாள் மோவ் என்னும் படைவீடமைந்த நகரில் பிறந்தது. அக்குழந்தையே நம் அண்ணல் அம்பேத்கர். இந்திய அரசியலமைப்பை வகுத்தளித்த அறிவின் முதல் வேர் ஒரு படைப்பள்ளியில் ஊன்றியதென்றால் அது மிகையாகாது.

தமிழகத்திலும் இதற்கு ஒப்பான நிலை இருந்தது. பரங்கிமலை, பல்லாவரம், வேலூர், திருச்சிராப்பள்ளி, வெலிங்டன், பெங்களூர்த் தண்டு ஆகிய படைவீட்டு நகரங்களில் நம்மவர் சிப்பாய்களாக மட்டுமின்றிச் சமையற்காரர், குதிரைக்காரர், எழுத்தர், கைவினைஞர் எனப் பல பணிகளிலும் அமர்ந்தனர். பண்ணையாரின் கண்காணிப்புக்கு அப்பால், மாதந்தோறும் ரொக்கச் சம்பளம் பெற்று வாழும் குடும்பங்கள் அங்கே உருவாயின. நம் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான எம். சி. இராஜா 1883-ஆம் ஆண்டில் பிறந்தது படைவீட்டுப் பகுதியான பரங்கிமலையில்தான் என்பது நினைவுகூரத்தக்கது.

எனினும் பாளையத்தில் பெற்ற மதிப்பு, பாளையத்தின் எல்லையோடு முடிந்துவிட்டது. 1901-ஆம் ஆண்டில் ஒன்பது வயதுச் சிறுவரான அம்பேத்கர், தம் தந்தையார் பணிசெய்த கோரேகாவுன் என்னும் ஊருக்குத் தமையனாருடனும் உறவுச் சிறுவருடனும் இரயிலில் சென்றார். இது போர் நடந்த கோரேகான் அன்று, வேறோர் ஊர். நல்லுடை அணிந்திருந்த அப்பிள்ளைகளை மசூர் நிலையத்தில் கண்ட நிலையத் தலைவர் முதலில் பரிவோடு பேசினார். குலம் இன்னதென்று அறிந்ததும் முகம் மாறினார். இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர் ஒருவரும் முன்வரவில்லை. இறுதியில் ஒருவர் வண்டியைக் கொடுத்தார். ஆனால் பிள்ளைகளே ஓட்டிச் செல்ல வேண்டும் என்றார். வழியில் உணவு கையிலிருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அவர்கள் இரவு முழுதும் பட்டினி கிடந்தனர். சுபேதாரின் பிள்ளைகள் என்பதால் ஊர் ஒரு குவளைத் தண்ணீரும் தந்துவிடவில்லை. இந்நிகழ்ச்சியை அம்பேத்கரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார்.

கதவு அடைபட்ட கதை

1857-ஆம் ஆண்டில் வங்காளப் படை கிளர்ந்தெழுந்தது. சென்னைப் படை பெரும்பாலும் அதில் கலந்துகொள்ளவில்லை. கிளர்ச்சி ஓய்ந்தபின் படையைத் திருத்தி அமைக்கும் பணி தொடங்கிற்று. கிளர்ச்சியில் சேராத படைகளுக்கு அதனால் நன்மை விளைந்திருக்க வேண்டும் என நாம் எண்ணலாம். நடந்ததோ வேறு.

ஆங்கிலேயர் பஞ்சாபியரையும் கூர்க்கரையும் பட்டாணியரையும் பெரிதும் நம்பத் தொடங்கினர். வடமேற்கு எல்லையில் இரசியாவின் அச்சுறுத்தல் உண்டென்னும் எண்ணம் வலுத்தபோது, அவ்வெல்லையை அடுத்து வாழ்வோரே போருக்கு ஏற்றவர் என்னும் கொள்கை உருவாயிற்று. இதனையே 'போர்க்குடிகள்' கொள்கை என்பர். பிறப்பினால் சிலர் வீரர், பிறப்பினால் சிலர் கோழையர் என்பதே அதன் சாரம். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாகவும், பின்னர் 1893 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாகவும் இருந்த இராபர்ட்ஸ் இக்கொள்கையின் முதன்மையான பரப்புநர். தென்னாட்டுச் சிப்பாய் பழைய வீரத்தை இழந்துவிட்டான் என்பது அவர் முடிவு. தென்னாட்டில் நெடுங்காலம் போர் நிகழாமையும், பேர்பெற விரும்பிய அதிகாரிகள் வடக்கே சென்றுவிட்டமையும் அந்நிலைக்குக் காரணங்கள். அவற்றை ஒதுக்கிவிட்டுக் குறையை அவர் குலத்தின்மீது ஏற்றினார்.

இதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. பல சாதியாரும் கலந்த படைப்பிரிவுகளுக்கு மாறாக, வகுப்பு வகுப்பாகப் பிரித்த படைப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. ஒரு வகுப்பாரை மற்றொரு வகுப்பாருக்கு எதிராக வைத்துக்கொள்வது ஆட்சிக்குப் பாதுகாப்பு எனக் கருதப்பட்டது. அம்முறையில் சாதிச் சிப்பாய்களின் மனநிறைவே அளவுகோலாயிற்று. தீண்டத்தகாத குலத்து ஹவில்தாரின் கட்டளையை ஏற்க அவர்கள் மனம் ஒப்பாது என்னும் எண்ணம் மேலோங்கிற்று. நூறாண்டுக் காலம் அக்கட்டளையை ஏற்று நடந்த வரலாறு கணக்கில் கொள்ளப்படவில்லை. 1892-ஆம் ஆண்டில் மகர் குலத்தாரைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1895-ஆம் ஆண்டில் மாகாணப் படைகள் மூன்றும் ஒன்றாக்கப்பட்டன. சென்னைப் படையின் காலாட்பிரிவுகளும் படிப்படியாகக் குறைக்கப்பட்டன.

ஊரின் வழக்கத்தைப் பாளையத்துக்குள் கொண்டுவந்தவர் ஊரார் மட்டும் அல்லர் என்பதை நாம் உணர வேண்டும். நாகரிகம் போதிக்க வந்ததாகக் கூறிய ஆங்கில அரசு, தன் வசதிக்காகச் சாதியைச் சட்டையாக மாட்டிக்கொண்டது. ஆள்வோருக்குச் சாதி பயன்படுமாயின் அதனை அவர்கள் ஒழிக்கமாட்டார்கள், ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்வார்கள். இப்பாடம் அக்காலத்துக்கு மட்டும் உரியதன்று.

கதவு அடைபட்டதன் விளைவு கொடியது. சம்பளம் போயிற்று, ஓய்வூதியம் அடுத்த தலைமுறைக்கு இல்லாதொழிந்தது, படைப்பள்ளியும் கிட்டாமற் போயிற்று. தாத்தா சுபேதாராக இருந்த வீட்டில் பேரன் செத்த மாட்டை இழுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டான்.

மனு எழுதிய கைகள்

ஆனால் ஒன்றை எவராலும் திரும்பப் பெற முடியவில்லை. அது எழுத்தறிவு. படையிலிருந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வாலங்கர் என்னும் மகர் குலத்துப் பெரியார், சோதிபா பூலேயின் கருத்துகளில் ஈடுபட்டவர். 1888-ஆம் ஆண்டில் 'விடாள் வித்வம்சன்' என்னும் சிறுநூலை வெளியிட்டுத் தீண்டாமையின் அடிப்படையைக் கேள்விக்கு உட்படுத்தினார். 1894-ஆம் ஆண்டில், படைக்கதவை மீண்டும் திறக்குமாறு ஒரு விண்ணப்பத்தையும் எழுதினார். அதன்பின் சிவராம் சான்பா காம்பிளே 1910-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த இந்தியா மந்திரிக்கே விண்ணப்பம் அனுப்பினார்.

இவ்விண்ணப்பங்கள் வேலை கேட்டு எழுதியவை எனத் தோன்றலாம். அவற்றின் உட்பொருள் அதனினும் பெரிது. அரசின் படை எல்லா மக்களுக்கும் உரியது. எந்தக் குலத்தையும் விலக்க அரசுக்கு உரிமையில்லை என்னும் கருத்து அவற்றில் வித்தாக இருந்தது. குடியுரிமை என்னும் சொல் நம் மக்களின் நாவில் பழகுவதற்கு முன்னரே அதன் பொருளை ஓய்வுபெற்ற சிப்பாய்கள் எழுதிக் காட்டிவிட்டனர்.

1914-ஆம் ஆண்டில் உலகப்போர் மூண்டு ஆட்தேவை மிகுந்தபோது, 'போர்க்குடிகள்' கொள்கை தளர்ந்தது. 1917-ஆம் ஆண்டில் 111-ஆம் மகர் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் 1921-ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டது. தேவையிருந்தபோது வீரர், தேவை தீர்ந்தபின் தீண்டத்தகாதார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இதே 1917-ஆம் ஆண்டில், வெளிநாட்டுப் படிப்பிலிருந்து திரும்பிய அம்பேத்கர் பரோடா மன்னரின் இராணுவச் செயலாளராகப் பதவியேற்றார். பதவியின் பெயர் பெரிது. ஆனால் அந்நகரில் அவருக்கு வாடகைக்கு வீடு தர எவரும் இல்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவரை, குலம் தெரிந்தபின் தடி ஏந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. பொதுப் பூங்காவில் அமர்ந்து கண்ணீர் விட்டு, அவர் பம்பாய் திரும்பினார். தந்தையார் சிப்பாயாகத் தொடங்கியவர். மகன் இராணுவச் செயலாளர். ஆயினும் ஊர் அன்றும் மாறவில்லை.

1927-ஆம் ஆண்டில் மகாத் நகரில் சவுதார் குளத்து நீரைப் பருகும் உரிமைப் போராட்டம் நிகழ்ந்தது. அதனையொட்டி நடந்த மாநாட்டில் பேசிய அம்பேத்கர், கொங்கணப் பகுதியில் ஓய்வுபெற்ற படைவீரர்களால் ஒருகாலத்தில் விளங்கிய முன்னேற்றத்தையும், படைக்கதவு அடைபட்டதால் நேர்ந்த வீழ்ச்சியையும் எடுத்துரைத்தார். 1930-ஆம் ஆண்டில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் அம்பேத்கரும் தாழ்த்தப்பட்டோர் சார்பில் அமர்ந்தனர். ஆங்கிலேயர் வருமுன் எங்களுக்குப் படையில் இடமில்லை என்றால் இன்றேனும் அவ்வழி திறந்துள்ளதா என்று அம்பேத்கர் அம்மாநாட்டிலேயே கேட்டார். அரசுக்கு அதற்கு விடையில்லை. சில ஆண்டுகளுக்குள், 1933-ஐ ஒட்டி, நம்மவருக்கும் மஜபி சீக்கியருக்கும் எஞ்சியிருந்த பயனியர் படைகளும் கலைக்கப்பட்டன.

மீண்டும் போர், மீண்டும் கதவு

1939-ஆம் ஆண்டில் இந்தியப் படையில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் இருந்தனர். 1945-இல் அத்தொகை இருபத்தைந்து இலட்சம் ஆயிற்று. இத்துணைப் பேரைச் சில குலங்களிலிருந்து மட்டும் திரட்ட இயலாது. எனவே, வீரமற்றவர் என ஒதுக்கிய சென்னை மாகாணத்திலிருந்தும் பெருந்தொகையினர் சேர்க்கப்பட்டனர். கலைக்கப்பட்டிருந்த மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உயிர்பெற்றது. 1941-ஆம் ஆண்டு அக்டோபரில் பெல்காமில் மகர் ரெஜிமென்ட் தொடங்கப்பட்டது. அதற்கு அம்பேத்கரின் இடைவிடாத வற்புறுத்தலும் துணைநின்றது. அதன் தொப்பிச் சின்னத்தில் கோரேகான் தூண் பொறிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டில் மஜபி, ராம்தாசியா சீக்கியருக்கெனத் தனிப்படை அமைந்தது. அதுவே 1944-இல் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி எனப் பெயர் மாறிற்று. 1943-ஆம் ஆண்டில் சமார் ரெஜிமென்ட் அமைக்கப்பட்டு, பர்மா முனையில் கொகிமாவில் போரிட்டது. 1946-ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டது.

இதற்கிடையே வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1942-ஆம் ஆண்டு சூலையில் அம்பேத்கர் வைசிராயின் நிருவாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியும் அச்சபையின் ஓர் உறுப்பினரே. சுபேதார் இராம்ஜியின் மகன், தலைமைத் தளபதியோடு ஒரே மேசையில் சமமாக அமர்ந்து நாட்டின் காரியங்களை ஆராய்ந்தார். இவ்விருக்கைக்கு அவரைக் கொண்டுசேர்த்தவை கல்வியும் அரசியல் போராட்டமுமே.

விடுதலைக்குப் பின்னர்

ஆங்கிலேயர் காலத்தில் படைத்தலைமை ஆட்சியையே அசைக்கும் வலிமை பெற்றிருந்தது. 1905-ஆம் ஆண்டில் தலைமைத் தளபதி கிச்சனருடன் ஏற்பட்ட பூசலில் வைசிராய் கர்சனே பதவி துறக்க நேர்ந்தது. விடுதலை இந்தியாவில் அந்நிலை மாற்றப்பட்டது. 1955-ஆம் ஆண்டில் தலைமைத் தளபதி என்னும் பதவிப்பெயர் நீக்கப்பட்டு, தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் தலைவர்கள் அமைந்தனர். மூவரும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் கீழ்ப்பட்டவர்கள். அண்டை நாடுகள் சிலவற்றில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றியபோதும் இங்கே வாக்குரிமை நிலைத்து நின்றது. இது நம்மைப்போன்ற மக்களுக்கு மிகப்பெரும் காப்பாகும். வாக்குச்சீட்டைத் தவிர வேறு படைக்கலம் இல்லாதவர்க்கு, படை வாக்குச்சீட்டுக்கு அடங்கி நிற்பதே பாதுகாப்பு.

பாபு ஜெகஜீவன்ராமின் வாழ்க்கை இதனை விளக்கும். பீகார் மாநிலத்தில் 1908-ஆம் ஆண்டில் சமார் குலத்தில் பிறந்த அவருடைய தந்தையார் ஆங்கிலேயர் படையில் பணிசெய்து விலகியவர். ஜெகஜீவன்ராம் 1970-ஆம் ஆண்டில் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சரானார். 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது இந்தியப் படைகள் அவருடைய அமைச்சகத்தின் கீழ் இருந்தன. எக்குலத்தாரின் படைப்பிரிவு 1946-இல் கலைக்கப்பட்டதோ, அக்குலத்தில் பிறந்தவர் கால்நூற்றாண்டுக்குள் முப்படைகளுக்கும் பொறுப்பான அமைச்சராக விளங்கினார். இந்தியக் குடியாட்சியின் வலிமைக்கு இது ஒரு சான்று.

மகர் ரெஜிமென்டும் நாளடைவில் பல வகுப்பாரும் சேரும் படைப்பிரிவாக மலர்ந்தது. தரைப்படைத் தலைவர்களான கே. வி. கிருஷ்ணராவும் செங்கற்பட்டில் பிறந்த சுந்தர்ஜியும் அதில் பணியேற்றவர்கள். 1987-ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கையில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் இராமசாமி பரமேசுவரனும் அப்படையைச் சேர்ந்தவரே. சாதிச் சிப்பாய்கள் தீண்டத்தகாதாரோடு பணிசெய்ய ஒப்பமாட்டார்கள் என 1892-இல் சொல்லப்பட்ட காரணத்துக்கு, நம் பெயர் தாங்கிய படையில் எல்லாக் குலத்தாரும் விரும்பிப் பணியாற்றியதே விடையாக அமைந்தது.

இன்றைய நிலை

1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தீண்டாமையை 17-ஆம் பிரிவால் ஒழித்தது. அரசுப் பணியில் சமவாய்ப்பை 16-ஆம் பிரிவால் உறுதிசெய்தது. எனினும் படைக்கும் ஊருக்கும் உள்ள உறவில் தீராத வினாக்கள் சில உண்டு. முப்படைகளின் பணிச் சேர்க்கையில் பட்டியல் சாதியாருக்கு இடஒதுக்கீடு இல்லை. மத்திய ரிசர்வ் போலீஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவற்றில் அது உண்டு. இவ்வேறுபாட்டை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். குலப்பெயர் தாங்கிய படைப்பிரிவுகள் இன்றும் உள்ளன. 2022-ஆம் ஆண்டு சூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் எல்லா வகுப்பாரும் கலந்த சேர்க்கை முறை சொல்லப்பட்டுள்ளது. ஆனால் அத்திட்டத்தில் பணிக்காலம் நான்காண்டு. அதன்பின் நிலையாகத் தொடர்வோர் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் அளவினரே. நம் முன்னோருக்குப் பட்டாளம் தந்த பெரும்பயன் நீண்ட பணியும் ஓய்வூதியமும் ஆகும். சேர விரும்புவோர் இதனைக் கருத்தில் கொள்க. நம் பெண்பிள்ளைகளுக்கோ புதுவழி திறந்துள்ளது. 2020-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தரைப்படைப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணியுரிமை வழங்கத் தீர்ப்பளித்தது. 2022-ஆம் ஆண்டில் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பெண்களும் பயிற்சிக்குச் சேர்ந்தனர்.

முடிவுரை

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? பிறர் தம் தேவைக்காகத் திறக்கும் கதவு, அவர் தேவை தீர்ந்ததும் அடைபடும். 1780-இலும் 1917-இலும் 1941-இலும் திறந்தது. 1892-இலும் 1921-இலும் 1946-இலும் அடைபட்டது. கருணையை நம்பிச் சென்றவர் வாயிலிலேயே நின்றனர். சட்டமாக எழுதப்பட்ட உரிமையே நிலைத்தது. அச்சட்டத்தை எழுதும் ஆற்றலை நமக்குத் தந்தது கல்வி.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பெரியவர்கள் நம் சேரிகளில் பிறருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததையும், தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்ததையும், மாலை வேளையில் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்ததையும் நம்மில் மூத்தோர் பலர் கண்டிருப்பர். வாலங்கரும் இராம்ஜியும் செய்த அதே பணியைப் பெயர் தெரியாத பலரும் செய்து மறைந்தனர். அப்பணியின் தொடர்ச்சியாகவே நம் சங்கத்தை நாம் கருதுகிறோம். இதன் கதவை எந்தத் தளபதியும் நமக்காகத் திறக்கவில்லை; எனவே எந்தத் தளபதியாலும் அடைக்கவும் இயலாது.

நிறைவாக, உறுப்பினர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பாட்டனாரின் பணிவிடுப்புச் சான்றிதழோ, ஓய்வூதியப் புத்தகமோ, பதக்கமோ, பழைய கடிதமோ இருக்கலாம். அவற்றைப் பழங்காகிதமென எறிந்துவிடாதீர்கள். சங்கத்தின் நூலகத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எங்கெல்லாம் சென்றார், ஊர் திரும்பியபோது எப்படி நடத்தப்பட்டார் என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். கோரேகான் தூணில் பெயர் பொறிக்கப்பட்டவர் சிலரே. பொறிக்கப்படாத பெயர்களை எழுத வேண்டியவர்கள் நாமே.